புல் கருகாத தீ

தில்லியில் சனவரி 13 அன்று லோஹ்ரி. அதை ஒட்டியே நம் பொங்கல். இரண்டிற்கும் தீ வேண்டும். எங்கள் குடியிருப்பில் அதற்குரிய இடமோ நடுவிலுள்ள புல்வெளி ஒன்றே. இங்கு ‘தூப்’ என வழங்குவது நம் அறுகம்புல்தான். குளிர்காலத்தில் அது வளராது உறங்கும். ஆதலின் சனவரியில் கருகிய இடம், வெயில் ஏறும் வரை வழுக்கையாகவே கிடக்கும். தோட்டக்காரர் சினப்பதில் நியாயம் உண்டு.

செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கி, மேலே குறுக்காக மற்றோர் அடுக்கு வைக்க வேண்டும். அதன்மேல், கொத்தனார் சாந்து சுமக்கும் இரும்புச் சட்டியை வைத்து, மூன்று விரல் கனத்திற்கு உலர்ந்த மணல் பரப்பிப் பெரியவர் ஒருவர் தீ மூட்டலாம். வெப்பத்தை மணல் தாங்கும். எஞ்சியதைச் செங்கற்களிடையே புகும் காற்று தணிக்கும். காய்ந்த விறகு மட்டுமே ஆகும். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5000 ரூபாய் தண்டம் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே ஆணையிட்டது.

மறுநாள் செங்கற்களை அகற்றினால் புல் சற்றே மடிந்திருக்கும், அவ்வளவே.