ஒட்டு தெரியுது டீச்சர்



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் ஆரம்பித்தால் பெல் அடிக்கும் வரை நிறுத்த மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம், 1992-ல் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் நம் பள்ளியில் கூடினார்கள். 43 பேர். ஆளுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. எனக்கு இன்னும் பிள்ளைகள்தான். வராண்டா முன்னால் எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்து, என் போனில் பனோரமா எடுத்தேன். போனை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பினால், பல படங்களைச் சேர்த்து ஒரே நீளப் படமாகத் தந்துவிடும் இல்லையா, அதுதான். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் முதல் பதில்: "ஒட்டு தெரியுது டீச்சர்."

பெரிதாக்கிப் பார்த்தேன். வானம் பட்டை பட்டையாக இருந்தது. வராண்டாப் படி நடுவில் உடைந்து கீழே இறங்கியிருந்தது. அதைவிட மோசம், நடுவில் நின்ற ஒருவனுக்குப் பாதி முகம்தான் இருந்தது. ஒரு கண், ஒரு காது, அரை மீசை. மீதிப் பாதி பக்கத்தில் நின்றவன் தோளுக்குள் போய்விட்டது.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அன்று காலையில்தான் 1992 குரூப் போட்டோவை பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லோரும் தன் தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் சும்மா நின்றான். "நீ எங்கடா?" என்றேன். "நான் இதுல இல்ல டீச்சர். அன்னைக்கு லீவு போட்டுட்டேன். போட்டோவுக்குக் காசு இல்ல" என்றான். குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

காசு, பிரதி வாங்குகிறவர்களுக்குத்தான். வரிசையில் நிற்பதற்குக் காசு வேண்டாம். அதை நான் வகுப்பில் தெளிவாகச் சொல்லவில்லை. "காசு கொண்டுவராதவங்க நாளைக்குள்ள கொண்டுவாங்க" என்று மட்டும் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அவனைப் பள்ளிக்கு வரவிடாமல் செய்தது. முப்பது வருடம் கழித்து எடுத்த படத்திலும் அவன் பாதிதான் என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

போன் சேர்த்துக் கொடுத்த படத்தில் அதிகம் செய்வதற்கில்லை. காணாமல் போன பாதி முகம் அதில் கிடையாது. நல்லவேளை, உங்களில் ஒருத்தியின் வீட்டுக்காரர் அதே இடத்தில் நின்று ஏழு தனிப்படங்கள் எடுத்து வைத்திருந்தார். என் பேரன் லேப்டாப்பில் ஹியூகின் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். இலவசம்தான். "ஆச்சி, இனி உன் பாடு" என்று போய்விட்டான்.

முதலில் ஏன் உடைகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். ஆறாம் வகுப்பில் நான் செய்து காட்டியது நினைவிருக்கிறதா? கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடுங்கள். விரல் சுவரில் இடம் மாறிக் குதிக்கும். தூரத்து மலை குதிக்காது. இதுதான் இடமாறு தோற்றம். கையை நீட்டிக்கொண்டு உடம்போடு திரும்பும்போது கேமரா ஒரே இடத்தில் நிற்பதில்லை, வட்டமடிக்கிறது. அதனால் கிட்ட இருப்பவை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் விழுகின்றன. நம் படத்தில் மேற்கே மலை பிசிறில்லாமல் சேர்ந்ததும் கண் முன்னால் இருந்த படி உடைந்ததும் இதனால்தான்.

ஹியூகின், அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரே இடம் எது எது என்று புள்ளி வைத்துப் பொருத்துகிறது. கன்ட்ரோல் பாயின்ட் என்று பெயர். தானாக வைத்த புள்ளிகளில் பாதி வேப்பமரத்து இலைகளில் இருந்தன. காற்றில் ஆடும் இலையை நம்பித் தைத்தால் கோணாமல் என்ன செய்யும்? அவற்றை அழித்துவிட்டு, சட்டைப் பொத்தான், செருப்பு நுனி, படியின் விளிம்பு என்று நானே வைத்தேன்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. முன்னால் நிற்கும் ஆட்களும் பின்னால் இருக்கும் சுவரும் இரண்டுமே சரியாக வராது. ஒன்றைப் பொருத்தினால் மற்றது விலகும். எது முக்கியம் என்று நாம்தான் முடிவெடுக்க வேண்டும். நான் ஆட்களை எடுத்துக்கொண்டேன். சுவர் கொஞ்சம் உடையட்டும்.

அடுத்து ஒட்டு எங்கே விழுவது? பயிற்சிப் பள்ளியில் தையல் படித்தபோது, கட்டம் போட்ட துணியில் இணைப்பைக் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளச் சொல்வார்கள். இதிலும் அதே கணக்குதான். அவன் மூன்றாம் படத்திலும் இருந்தான், நான்காம் படத்திலும் இருந்தான். மூன்றில் தலையைத் திருப்பியிருந்தான். நான்கில் நேராகப் பார்த்தான். மூன்றாம் படத்தில் அவனைச் சுற்றிக் கோடு போட்டு, "இதை எடுக்காதே" என்று மாஸ்க் வைத்தேன். மென்பொருள் நான்காம் படத்திலிருந்து அவனை முழுசாக எடுத்துக்கொண்டது. ஒட்டு அவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே தூணின் ஓரமாகப் போய் மறைந்தது. ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் சமன் செய்ததும் வானத்துப் பட்டையும் போனது. மிச்சமிருந்த சுவர் விரிசலைக் கிம்ப்பில் கையால் பூசினேன். ஒன்பது ராத்திரி ஆனது. கண் எரிச்சலுக்கு மகளிடம் திட்டு தனி.

ஒரு பிழையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். உங்களில் ஒருவரின் சின்ன மகன் இடது கோடியில் நிற்கிறான், வலது கோடியிலும் நிற்கிறான்! கேமரா திரும்புவதற்குள் பின்பக்கமாக ஓடியிருக்கிறான். அமெரிக்காவில் 1904-ல் காப்புரிமை பெற்ற சர்க்கட் என்ற சுழலும் கேமரா காலத்திலேயே பள்ளிப் பிள்ளைகள் செய்த குறும்பு இது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த தடவை எடுப்பவர்களுக்கு: கையை நீட்டாதீர்கள். போன் இருக்கும் இடத்திலேயே இருக்க, நீங்கள் அதைச் சுற்றி நகருங்கள். கூட்டத்தை விட்டு நன்றாகத் தள்ளி நில்லுங்கள். வெளிச்சத்தை லாக் செய்யுங்கள். தனிப்படங்களாக எடுத்தால், ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு முந்தைய படத்தில் இருந்தது மறுபடி வரட்டும். தனிப்படங்களை அழித்துவிடாதீர்கள்.

நாலடி நீளத்தில் பிரிண்ட் போட்டு முதல் பிரதியை அவனுக்குத்தான் அனுப்பினேன். காசு வாங்கவில்லை. போன் செய்தான். 1992-ல் நான் சொல்லாமல் விட்டதை அப்போது சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "விடுங்க டீச்சர், இதுல என் செருப்புகூடத் தெளிவாத் தெரியுது" என்றான்.

படம் கீழே இருக்கிறது. சுவரில் ஒரு ஒட்டு இன்னும் தெரிகிறது. கண்டுபிடிப்பவர்கள் எழுதுங்கள், மதிப்பெண் உண்டு.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்