லாரிக் குடித்தனம்

நெடுஞ்சாலையில் நள்ளிரவில் எங்கள் வீட்டை வழிமறித்த போலீஸ்காரர், "என்ன லோடு?" என்று கேட்டார்.

"நாங்கள்தான் லோடு" என்றோம்.

அவர் நம்பவில்லை. பின்கதவைத் திறந்து டார்ச் விளக்கை உள்ளே நீட்டினார். கட்டில், அடுப்பு, கவிழ்த்து வைத்த டம்ளர்கள், சுவரில் முருகன் படம், இவற்றின் நடுவே தூக்கக் கலக்கத்துடன் எழுந்து உட்கார்ந்த எங்கள் இல்லத்தரசி! பிறர் வீட்டுப் படுக்கையறையில் தவறி நுழைந்துவிட்டவரைப் போல் அவர் பதறிப் பின்வாங்கி, "மன்னிக்கணும் அம்மா" என்றார். அது லாரியல்ல, வீடுதான் என்பது அன்று எங்களுக்கே நிச்சயமாயிற்று.

இப்படியொரு யோசனை எங்களுக்கு எப்படி உதித்தது என்று பலர் கேட்கிறார்கள். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையில் இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வற்றிப் போயின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "தண்ணீர் நம்மைத் தேடி ரயிலேறி வருகிறது. நாம் தண்ணீரைத் தேடிப் புறப்பட்டால் என்ன குறைந்து போய்விடும்?" என்று இல்லத்தரசி விளையாட்டாகச் சொன்னாள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதனிடம் எதையும் விளையாட்டாகச் சொல்லக் கூடாது. மூன்றாம் வருஷம் நாங்கள் நாமக்கல்லில் ஒரு பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதில் கரூருக்கு எவ்வளவு கீர்த்தியோ, லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு அவ்வளவு கீர்த்தி. எங்கள் மேஸ்திரி அதுவரையில் நெல்லுக்கும் சிமெண்டுக்கும் கோழி முட்டைக்கும் பாடி கட்டியவர், மனிதருக்குக் கட்டியதில்லை. ஆனாலும் வெகு உற்சாகமாக வேலையை எடுத்துக் கொண்டார். அடுப்பு எந்தத் திசையில் இருக்க வேண்டுமென்று சாஸ்திரம் எடுத்துச் சொன்னார். வண்டி ஒரு வளைவு திரும்பினால் சாஸ்திரமும் திரும்பிவிடுமே என்று கேட்டதற்கு, சிறிது நேரம் யோசித்து, "அப்படியானால் உங்கள் சௌகரியம்" என்று விட்டுவிட்டார். நீளம் 14 அடி, அகலம் 6.5 அடி, ஆகமொத்தம் 91 சதுர அடியில் ஒரு மாளிகை எழும்பிற்று. அந்த லாரி முன் ஜன்மத்தில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிய வண்டி. பழைய தரைப் பலகையை மாற்றவில்லை. மழை பெய்தால் இன்றைக்கும் அதிலிருந்து சின்ன வெங்காய வாசனை கிளம்புகிறது. சரக்கு வண்டியை வீட்டு வண்டியாகப் பதிவு செய்த கதை ஒரு தனிப் புராணம், இங்கே வேண்டாம்.

இந்தக் குடித்தனத்தில் முதல் கவலை சமமான தரை. வண்டி விரற்கடை சாய்ந்து நின்றாலும் தோசை தெற்கே ஓடிவிடும். ஒரு பாதி அப்பளம், மறு பாதி அடை. ஆகையால் நிறுத்தின இடத்திலெல்லாம் சமையல் மேடை மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்து, சக்கரத்தின் கீழ்ப் பலகை செருக வேண்டும். புறப்படும்போது சகலத்தையும் கட்டி வைக்க வேண்டும். ஒரு தடவை மிளகாய்ப் பொடி டப்பாவை மறந்துவிட்டோம். அதற்குமேல் விவரிக்க விரும்பவில்லை. கூரைமேல் இரண்டு சூரியத் தகடுகள் மின்சாரம் தருகின்றன. வானம் மூடிக்கொண்டால் காற்றாடியும் மௌனவிரதம் பூண்டுவிடும். சித்திரை, வைகாசியில் பகல் வேளையை வண்டிக்குள் கழிக்கவே முடியாது. வேப்பமர நிழல் தேடி, பாயை வெளியே விரித்துவிடுவோம்.

எல்லாவற்றுக்கும் மேலான கவலை தண்ணீர்தான். கட்டிலுக்கு அடியில் 200 லிட்டர் தொட்டி இருக்கிறது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது சர்க்கார் கணக்கு. அதன்படி நடந்தால் எங்கள் இருவருக்கும் தொட்டி ஒரு பகலுக்குக்கூடக் காணாது. நாங்கள் 40 லிட்டரில் ஒரு நாளை ஓட்டக் கற்றுக்கொண்டோம். அரிசி களைந்த நீர் பாத்திரத்துக்கு. பாத்திரம் அலம்பிய நீர் வழியோரத்துச் செடிக்கு. ஸ்நானம் ஆளுக்கு அரை வாளி. சென்னையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல் விளக்கிய நாட்களை நினைத்து வெட்கப்பட்டோம். வெட்கத்தோடு கொஞ்சம் கர்வமும் சேர்ந்து கொண்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. யாரைக் கண்டாலும் இந்த 40 லிட்டர் பெருமையைச் சொல்லாமல் விடமாட்டோம்.

2024-ஆம் ஆண்டு பங்குனியில் இராமநாதபுரம் சீமை வழியாக ராமேசுவரம் போய்க்கொண்டிருந்தோம். அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த ஊரில் தொட்டியை நிரப்பிக் கொள்ளலாம் என்ற தைரியத்தில் இல்லத்தரசி மிச்சமிருந்த தண்ணீரில் எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டாள். அடுத்த ஊர் வந்தது. ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாங்கள் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் குழந்தைகள், "தண்ணி லாரி! தண்ணி லாரி!" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இடுப்பில் குடத்துடன் பெண்கள். ஒரு நிமிஷத்தில் எங்கள் பின்கதவுக்கு எதிரே வரிசை நின்றுவிட்டது.

கதவைத் திறந்து காட்டினோம். சிரிப்பு எழுந்தது, ஆனால் பின் வரிசையில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. நாங்கள் தண்ணீர் கேட்க வந்தவர்கள் என்பதை எப்படிச் சொல்வது? தொண்டையை அடைத்தது. எங்கள் முகத்தைப் பார்த்தே ஒரு கிழவி தெரிந்துகொண்டாள். விடியுமுன் போய் நாலு மைல் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வந்த எட்டுக் குடங்களில் ஒன்றைத் தூக்கி வந்தாள்.

"வேண்டாம் பாட்டி" என்று இல்லத்தரசி கைகூப்பினாள். அவளுடைய கூந்தல் இன்னும் காயவில்லை. முனையிலிருந்து நீர் சொட்டிக் கொண்டிருந்தது. கிழவி அதையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல், "குடிக்கிற தண்ணிக்குக் கணக்குப் பாக்கலாமா, தாயி?" என்று மட்டும் கூறிக் குடத்தைச் சாய்த்தாள்.

அன்றிரவு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பொழுது விடிந்ததும் பரமக்குடிக்குத் திரும்பிக் காசு கொடுத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டு மறுபடியும் அந்த ஊருக்கு வந்தோம். குழந்தைகள் கூவினார்கள். இந்தத் தடவை அவர்கள் கூவியது பொய்யாகவில்லை. 200 லிட்டர் என்பது பதின்மூன்று குடம். கால் மணி நேரத்துக்குள் தீர்ந்தது. எங்கள் பெருமையெல்லாம் அவ்வளவுதான். பதினாலாவதாக ஒரு சிறுமி குடத்தை நீட்டியபடி நின்றாள்.

"நாளைக்கும் வருவீகளா?" என்று கேட்டாள்.

எழுதுகிறவர் ராமேசுவரத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "வருவோம், கண்ணு, முதல் குடம் உனக்குத்தான்" என்றாள் இல்லத்தரசி.

நாங்கள் ராமேசுவரம் போய்ச் சேர்வதற்கு ஒன்பது நாள் பிடித்தது. டீசலுக்கு ஆகும் செலவை இல்லத்தரசி ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினந்தோறும் எழுதி வருவது வழக்கம். அந்த ஒன்பது நாளுக்குரிய பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.