இரண்டே விதி மிச்சம் வைத்த ஆட்டம்

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் அதற்கு 13 விதிகள் எழுதினார். நூறு வருஷம் கழித்து, 1993இல், சிகாகோவின் மிட்வே நிறுவனத்தில் மார்க் டர்மல் அதே விளையாட்டை ஆர்கேட் பெட்டிக்குள் கொண்டுவந்தபோது விதிகளில்தான் முதலில் கை வைத்தார். அணிக்கு ஐந்து பேர் என்பது இரண்டு பேர் ஆனது. ஃபவுல் இல்லை, ஃப்ரீ த்ரோ இல்லை. எதிராளியைப் பிடித்துத் தள்ளினாலும் விசில் ஊத ஆள் இல்லை. மிஞ்சியவை இரண்டே விதிகள்: 24 நொடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும், கூடையை நோக்கி இறங்கும் பந்தை நடுவில் தட்டக் கூடாது. என்பிஏ ஜாம் இவ்வளவுதான். இந்த ஆட்டத்தைப் பல வருஷமாக ஆடுகிறேன், பையன்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம், கூடவே லேப்டாப் சர்வீஸ். மலையில் மழை பிடித்தால் டவர் போகும், டவர் போனால் கடையில் பாதி வேலை நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் ஜாம் ஓடும். அது ஓடுவது கவர்மென்ட் லேப்டாப்பில். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால்தான் கல்வராயன் மலையில் பல வீடுகளுக்கு முதல் கணினியே வந்தது. படிப்பு முடிந்து பிள்ளைகள் வேலைக்குக் கீழே இறங்கிய பிறகு, பேட்டரி செத்து, நாலு பட்டன் உதிர்ந்து அவை என் மேஜைக்கு வரும். இன்றைய கேம் எதையும் அவை தாங்காது. ஆனால் ஜாமின் டோர்னமென்ட் எடிஷன் 1995ஆம் வருஷத்துச் சரக்கு. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுவிட்டால் அந்த டாஸ் காலத்து சிடி மூச்சுத் திணறாமல் ஓடுகிறது. ஒருவருக்குக் கீபோர்டு, இன்னொருவருக்கு யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்.

ஓடுவதால் மட்டும் ஒரு கேம் நிலைத்துவிடாது. அந்த லேப்டாப்பில் ஓடக்கூடிய பழைய கேம்கள் எத்தனையோ உண்டு. இது நிலைத்ததற்குக் காரணம் கைக்குள் இருக்கிறது.

ஜாமுக்கு மூன்றே பட்டன்கள். ஒன்று எறிய, ஒன்று பாஸ் கொடுக்க, ஒன்று டர்போ. பந்து எதிராளியிடம் இருந்தால் எறியும் பட்டன் தடுக்கும், பாஸ் பட்டன் பிடுங்கும். எறியும் பட்டனை அழுத்தினால் ஆள் எழும்புகிறான், விட்டால் பந்து போகிறது. எழும்பி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் முன் ஒரு கணம் நிற்கிறான் பாருங்கள், அங்கே விரலை எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தாலும் தாமதித்தாலும் பந்து வளையத்தில் மோதித் திரும்பும். இதைக் கண்ணால் கற்க முடியாது. கண் பார்த்து விரலுக்குச் சொல்வதற்குள் கணம் போய்விடும். விரலே பழக வேண்டும். டர்போவோடு கூடைக்கு அருகே போய் எறிந்தால் ஆள் கூரை உயரத்துக்குப் பறந்து பந்தைத் திணிப்பான். புதிதாக வருபவர்கள் எல்லாரும் அதிலேயே மயங்கிக் கிடப்பார்கள். டர்போ அளவு தீர்ந்து ஆள் தள்ளாடும்போதுதான் அதை எப்போது செலவழிப்பது என்ற கேள்வியே பிறக்கிறது.

அடுத்தது நெருப்பு. ஒரே ஆட்டக்காரர் வரிசையாக மூன்று கூடை போட்டால் பந்து பற்றி எரியத் தொடங்கும். அதன்பின் அவருக்கு டர்போ தீராது, எறிந்ததில் பெரும்பாலானவை விழும், இறங்கும் பந்தைத் தட்டினாலும் குற்றமில்லை. எதிரணி ஒரு கூடை போட்டாலோ, எரிகிறவரே இன்னும் நான்கு போட்டாலோதான் அணையும். இரண்டாவது கூடை விழுந்ததுமே டிம் கிட்ஸ்ரோவின் வர்ணனைக் குரல் எச்சரித்துவிடும். அந்த இடத்தில்தான் பழகியவனும் பழகாதவனும் பிரிவார்கள். பழகாதவன் பதறி மூன்று புள்ளிக்குத் தூரத்திலிருந்து எறிவான். பழகியவனுக்குப் புள்ளிக் கணக்கு அப்போது முக்கியமில்லை, பக்கத்தில் போய் எப்படியாவது ஒரு கூடை, அவ்வளவுதான். எதிராளியின் வரிசை அதோடு அறுந்துவிடும். “அண்ணே, பத்திக்கப் போவுது, தள்ளிவிடுங்க!” என்று பின்னால் நிற்கும் பையன் கத்துவான். தள்ளுவதும் ஒரு கலை. பந்து வைத்திருப்பவனை மட்டுமல்ல, பாஸ் வாங்கப் போகிறவனையும் தள்ளலாம்.

பையன்களுக்குப் பழக்கமானது வாலிபாலும் கபடியும்தான். ஆனால் யூட்டா ஜாஸ் அணியின் மலோன் யார், ஸ்டாக்டன் யார் என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள். டோர்னமென்ட் எடிஷனில் ஒவ்வொருவருக்கும் வேகம், தொலைவு எறிதல், பந்தைப் பிடுங்குதல், தடுத்தல் என்று எட்டுத் திறன்களுக்கு மதிப்பெண் உண்டு. மலோன் பலத்துக்கு, ஸ்டாக்டன் பாஸுக்கும் பிடுங்கலுக்கும். யாரைத் தானே ஆடுவது, யாரைக் கணினியிடம் விடுவது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிவாகிவிடும். மைக்கேல் ஜோர்டான் மட்டும் அணிகளில் கிடையாது. உரிமம் அப்படி.

இந்த ஆட்டம் நடுநிலை என்று சொல்ல மாட்டேன். பின்தங்கியவருக்கு அது ரகசியமாக உதவும், முன்னால் போகிறவரின் பந்து விழ மறுக்கும். டர்மல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ரசிகர். மூல ஆட்டத்தில் பிஸ்டன்ஸோடு மோதும்போது கடைசி நொடியில் சிகாகோ புல்ஸ் எறியும் பந்து தவறும்படி நிரலிலேயே எழுதிவைத்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். இந்தக் கள்ளத்தனத்தையும் சேர்த்துத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. தேறியவனும் நேற்று வந்தவனும் பக்கத்தில் உட்கார்ந்தால் கடைசி நிமிஷம்வரை யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது. எட்டாவது படிக்கும் பையன் என்னைத் தோற்கடித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது அப்படித்தான்.

இன்றைய கூடைப்பந்து கேம்களின் அழகை நான் மறுக்கவில்லை. வியர்வைத் துளிகூடத் தெரிகிறது. ஆனால் 2020 செப்டம்பரில் வந்த என்பிஏ 2கே21இன் சர்வர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதி மூடிவிட்டார்கள். காசு கொடுத்து வளர்த்த ஆன்லைன் அணிகள் அதோடு போயின. ஜாமை வீட்டுக் கருவிகளுக்குக் கொண்டுவந்த அக்லைம் 2004இல் திவாலானது, மிட்வே 2009இல். செய்தவர்கள் கடையைச் சாத்திவிட்ட பிறகும் ஆட்டம் ஆடுகிறது, ஏனென்றால் அது யாருடைய சர்வரிடமும் அனுமதி கேட்பதில்லை. டவர் நிலையில்லாத மலையில் இது சின்ன விஷயமில்லை.

குறைவான விதி, ஆழமான பயிற்சி, பக்கத்தில் ஓர் ஆள்: ஒரு கேம் முப்பது வருஷம் தாண்ட இவை போதும் என்பது என் முடிவு. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய லேப்டாப் கிடக்கும். எடைக்குப் போடும் முன் ஒருமுறை இதைப் போட்டு ஆடிப்பாருங்கள். ஆடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் சில நாள் டர்போ பட்டனைத் தொடவே தொடாதீர்கள். எறிவது கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.