குடம் தூக்கியவர்களின் கணக்கு

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டம் நாளிதழில் தினமும் ஒரு சின்னக் கட்டத்தில் வரும். நான்கும் நிரம்பினால் சுமார் 11 டி.எம்.சி. அயனாவரத்தில் நான் மருமகளாகப் போன வீட்டில் மாமனார் முதலில் படிப்பது அந்தக் கட்டத்தைத்தான். பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்த வருஷங்கள் அவை. 2003, 2004-இல் சென்னைக் குழாய்களில் தண்ணீர் விடுவது ஏறக்குறைய நின்றே போனது. மெட்ரோ வாட்டர் லாரியை நம்பித்தான் ஊர் பிழைத்தது.

ஐந்து குடித்தனங்கள் இருந்த வளாகம் எங்களுடையது. முற்றத்துக் கைப்பம்பு கொஞ்ச நாள் மஞ்சள் தண்ணீரைக் கக்கியது; அப்புறம் வெறும் காற்றுதான். தெருமுனையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை வைத்தார்கள். லாரி வந்து அதை நிரப்பும், நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. நடுநிசியிலும் வந்தது, உச்சி வெயிலிலும் வந்தது. இரவே குடங்களை வரிசையில் வைத்து, அடையாளத்துக்குக் கழுத்தில் துணி கட்டிவிட்டு, முறைவைத்து வாசலில் விழித்திருப்போம். "லாரி வந்துடுச்சுக்கா, எழுந்திருங்க" என்று யாராவது குரல் கொடுத்ததும் தெரு முழுக்கத் தாழ்ப்பாள்கள் திறக்கும்.

அந்த வரிசையில் ஆண்களைப் பார்ப்பது அபூர்வம். நிறைமாதக்காரி நின்றாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பெண் புத்தகத்தோடு தெருவிளக்கடியில் நின்றாள். வீட்டுக்கு இத்தனை குடம் என்று தெருவே பேசி முடிவு செய்திருந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வீட்டில் நோயாளி இருக்க வேண்டும். என்ன நோய் என்பதையும் எல்லார் முன்னாலும் சொல்லிக் கேட்க வேண்டும். மாமனாருக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அத்தை, அதாவது என் மாமியார், அப்படிக் கேட்டார். யாரிடமும் கைநீட்டிப் பழகாதவர். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். இருந்தாலும் அன்று முழுக்க அவர் முகம் சரியாக இல்லை.

வீட்டுக்குள் அத்தை வைத்ததுதான் சட்டம். லாரித் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி, கலங்கலாக இருந்தால் படிகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றித் தெளியவைத்து, சமையலுக்கும் குடிப்பதற்கும் தனியாக மூடி வைப்பார். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்தின் பற்றுப் போகும். பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீர் துளசிக்கு. அகலமான பிளாஸ்டிக் பேசினுக்குள் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். அதில் தேங்குவது துணி ஊறவைக்க. துணி துவைத்த சோப்புத் தண்ணீர் கழிப்பறைக்கு. தட்டு கழுவுவதை மிச்சம் பிடிக்கத் தையல் இலை வாங்கிச் சாப்பிட்டோம். நான் பழக்கதோஷத்தில் வாளியைச் சாய்க்கப் போனால், "ஊத்தாதம்மா, அதுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கு" என்பார். விருந்தாளிகளை வராதே என்று சொல்ல முடியாத அந்த வீட்டில், ஊரிலிருந்து நாத்தனார் பிள்ளைகளோடு கிளம்புகிறார் என்று போன் வந்ததும் அத்தை முதலில் எட்டிப் பார்த்தது அரிசிப் பானையை அல்ல, தண்ணீர் டிரம்மை.

நாங்கள் இரவில் அடித்துப் பிடித்துக்கொண்டது யாருடைய தண்ணீர் என்பதையும் சொல்லியாக வேண்டும். திருவள்ளூர்ப் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து மெட்ரோ வாட்டர் விலைக்கு வாங்கியதும் அதில் இருந்தது. ஒரு போகம் விளைய வேண்டிய தண்ணீர் எங்கள் குடத்துக்கு வந்தது. 2004-இல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் பஞ்சத்தின் ஒரு பங்கை எப்போதும் வேறு யாரோ சுமந்தார்கள்.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு நல்ல காரியம், 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய அவசரச் சட்டம். எங்கள் வளாகத்திலும் மொட்டைமாடிக் குழாயைத் திருப்பி, ஜல்லியும் மணலும் போட்ட குழிக்குள் விட்டோம். 2005-இல் மழை கொட்டித் தீர்த்தது. வளாகத்துக் கிணற்றில் எட்டிப் பார்க்கிற தூரத்தில் தண்ணீர் நின்றபோது அத்தை சூடம் ஏற்றினார். அதன்பிறகு வந்த வருஷங்களில் ஊரெங்கும் பல குழிகள் தூர்ந்தன. சிலவற்றின் மேல் சிமென்ட் பூசி வண்டி நிறுத்தினார்கள். 2015 டிசம்பரில் நகரமே வெள்ளத்தில் மிதந்தது.

நான்கே வருஷத்தில், 2019 கோடையில், நான்கு ஏரிகளும் மறுபடி வறண்டன. ஒரு நாளைக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த மெட்ரோ வாட்டர் 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. அப்போது நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறியிருந்தோம். காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்தான் மோட்டார். தனியார் லாரிக்குச் சொல்லிவைத்துக் காத்திருப்போம். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். அங்கிருந்து கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குப் போனது. ஒரு நாளைக்கு நாலு நடை வந்தாலும் 1 கோடி லிட்டர்தான். பற்றாக்குறையோ 30 கோடிக்கு மேல். அந்த இடைவெளியை எந்த ரயிலும் அடைக்கவில்லை. வீடுகளில் இருந்த பெண்கள் அடைத்தார்கள்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்கா அந்த மாதங்களில் கண் சிவந்துதான் வருவார். இரவெல்லாம் தன் தெருவில் லாரிக்கு விழித்திருந்து, பகலில் நாலு வீட்டில், காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் பாத்திரம் அலசினார். "எங்க தெருவுக்கு இன்னும் வரலம்மா, குடம் போட்டுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கை வேலை செய்யும். லாரி வந்துவிட்டதாகப் போன் வந்தால் சோப்புக் கையோடு ஓடுவார். 2003-இல் நானும் அத்தையும் நின்ற வரிசையில்தான் அவர் நின்றார். நான் காசு கொடுத்து வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அவருக்கு அந்த வழி இல்லை.

ஏரியில் எத்தனை கனஅடி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எத்தனை லிட்டர் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளும் அவசியமானவைதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்க் கட்டுப்பாடு என்று ஓர் உத்தரவு வந்தால், அது ஒரு பெண்ணின் தூக்கத்திலிருந்தும் இடுப்பிலிருந்தும் கூலியிலிருந்தும் எடுத்துக்கொள்வதற்கு எந்தக் கட்டத்திலும் கணக்கு இல்லை. அடுத்த வறட்சி வரத்தான் போகிறது. அதற்குள் தூர்ந்த குழிகளைத் தோண்டித் தூர்வார வேண்டும். லாரி வரும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, அந்த நேரத்துக்கு அனுப்ப வேண்டும். அடுக்குமாடிக்கும் குடிசைக்கும் தலைக்கு இத்தனை லிட்டர் என்று ஒரே அளவு வைக்க வேண்டும். வரிசையில் குடம் வைத்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தத் திட்டத்தைப் போடுங்கள். பஞ்சத்தில் ஒரு வீட்டை எப்படி நடத்துவது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.