ஜனவரிக்கென்று ஒரு வேகம்

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

ஜனவரி 5-ஆம் தேதி சென்னை மராத்தான். இன்றோடு பதினேழு வாரம் இருக்கிறது. கொட்டிவாக்கத்திலிருந்து சேர்ந்து ஓடும் எங்கள் சின்னக் குழுவில் இந்த முறை முதன்முதலாக 42.195 கிலோமீட்டரும் ஓடப்போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் எங்கள் தெருத் தம்பியைப் பற்றித்தான் எனக்கு அதிக யோசனை. ஓ.எம்.ஆரில் வேலை, இருபத்தெட்டு வயது, துள்ளும் கால்கள். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. முடியாத ஆசை இல்லை. இப்போதே முடித்துக்காட்ட வேண்டும் என்று ஓடுகிறானே, அதுதான் இடிக்கிறது.

காலை நாலரை மணிக்கே 26 டிகிரி. கடற்காற்று சுத்தமாக நின்றுவிட்டது. பாலவாக்கம் தாண்டுவதற்குள் பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டது. இந்த ஈரத்தில் வியர்வை வழியுமே தவிரக் காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் தோலைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஜனவரியில் 145 துடிப்பில் ஓடும் வேகத்துக்கு இப்போது 160 தொடும். செப்டம்பரில் கைக்கடிகாரம் காட்டும் பேஸைப் பார்த்து வருத்தப்படுவதோ வீம்பு பிடிப்பதோ வீண்.

தம்பி நீலாங்கரையிலேயே எங்களை விட்டுவிட்டு முன்னால் போனான். உத்தண்டி சுங்கச்சாவடியிலிருந்து திரும்பும்போது நடந்துகொண்டிருந்தான். "மூச்சு வாங்காம என்கூடப் பேசிக்கிட்டே வரணும், அந்த வேகம் போதும்" என்றேன். "அது ரொம்ப ஸ்லோக்கா." "ஸ்லோதான் வேணும்."

செப்டம்பர் 24, செவ்வாய்

மாலையில் தம்பி மறுபடியும் கேட்டான்: மெதுவாக ஓடி எப்படி வேகம் வரும்? நியாயமான கேள்வி.

நீண்ட நேரம் நிதானமாக ஓடும்போது தசைக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. செல்லுக்குள் ஆக்சிஜனை வைத்துச் சக்தி ஆக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது. சேமித்த சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவழித்து, கொழுப்பை அதிகம் எரிக்க உடம்பு பழகுகிறது. தசையிலும் ஈரலிலும் இருக்கும் சர்க்கரை பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும் என்பதால் மராத்தானுக்கு இதுதான் அடித்தளம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். விட்டு விட்டு வேகமாக ஓடும் இன்டர்வல் ஓட்டம் கொடுக்கும் கூர்மையோ ஐந்தாறு வாரத்தில் வந்துவிடும். வந்த மாதிரியே போயும்விடும். சீக்கிரம் வருவதை முதலில் வரவழைத்தால், தேவைப்படும் நாளில் அது கையில் இருக்காது.

இன்னொன்றையும் அவனிடம் அழுத்திச் சொன்னேன். நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாணும் எலும்பும் அப்படியில்லை, மாதங்கள் எடுக்கும். மூச்சு தயார் என்று சொல்லும் நேரத்தில் குதிகால் நாண் தயாராக இருக்காது. கணைக்கால் எலும்பு வலி, முழங்கால் வலி என்று நவம்பரில் பிசியோதெரபிஸ்டிடம் போய் நிற்பவர்களில் பலர், அக்டோபரில் குழுவிலேயே வேகமாக ஓடியவர்கள்தான்.

அக்டோபர் 16, புதன்

கனமழைக்கு ரெட் அலர்ட். நேற்றிலிருந்து பள்ளிகளுக்கு விடுமுறை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர், யாரைக் குறை சொல்வது? ஓட்டம் கிடையாது.

இந்த மாதிரி நாளில் நான் ஆர்தர் லிட்யார்டைத்தான் நினைத்துக்கொள்வேன். நியூசிலாந்துப் பயிற்சியாளர், ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லை வாரத்துக்கு நூறு மைல் ஓடவைத்தார். ஆக்லாந்துக்கு மேற்கே வையாட்டாருவா மலைச்சாலையில் 22 மைல் சுற்று ஒன்று உண்டு, அதிலும் ஓடவிட்டார். ஒன்றே முக்கால் நிமிடத்தில் முடிகிற பந்தயத்துக்கு இது எதற்கு என்று பலர் கேட்டிருப்பார்கள். முதலில் மாதக்கணக்கில் தூரம்; பிறகு மேடு ஏறி ஓடுவது; அதற்கும் பிறகுதான் மைதானத்தில் வேகப் பயிற்சி. பந்தய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு கட்டத்தையும் அவர் வைத்தார். 1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். அதே மாலையில் அவருடைய இன்னொரு சீடர் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம். எட்டு நாள் கழித்து, அபேபே பிகிலா வெறுங்காலோடு வென்ற மராத்தானில் மூன்றாவதாக வந்த பாரி மகீயும் லிட்யார்டின் ஆள்தான். ஒரே ஊர்க்காரர்கள் மூன்று பேர் ஒரே பத்து நாளுக்குள் தங்கள் உச்சத்தில் இருந்தார்கள். அதிர்ஷ்டத்தால் இப்படி நடக்காது. எனக்கு இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

தம்பி எங்களோடு வரவில்லை. ஊரில் நடந்த ஓர் அரை மராத்தானில் 1 மணி 47 நிமிடம் ஓடி, பதக்கத்தோடு படம் அனுப்பியிருக்கிறான். இதுவரை அவன் ஓடியதிலேயே சிறந்த நேரம், அவனுடைய பி.பி., இதுதான். குழுவே வாழ்த்துகிறது, நானும் வாழ்த்தினேன். அடுத்த மாதத்துக்கும் இரண்டு பந்தயங்களில் பெயர் கொடுத்திருக்கிறானாம்.

அவனுக்கு ஒரு கதையை எழுதி அனுப்பினேன். கதை என்ன, 2016-இல் நம் நாட்டில் நடந்தது.

அந்த ஜனவரியில் மும்பை மராத்தான். இந்தியர்களில் முதலாவதாக வந்தவர் ராணுவ வீரர் நிதேந்திர சிங் ராவத், 2 மணி 15 நிமிடம் 48 விநாடி. அவருக்கு வேகம் பிடித்துக் கொடுக்கும் பேசராக ஓட வந்தவர் இன்னொரு ராணுவ வீரர், வயநாட்டுக்காரர் கோபி தோனக்கல். பாதியில் விலகியிருக்கலாம். விலகாமல் கடைசிவரை ஓடி 2:16:15-இல் இரண்டாவதாக வந்து, அதே ஓட்டத்தில் ரியோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றுவிட்டார். பிப்ரவரியில் குவாஹாட்டியில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. ராவத் அங்கே இன்னும் வேகமாக ஓடினார், 2:15:18, தங்கம். ஒரு மாதத்துக்குள் இரண்டு மராத்தான், இரண்டும் உச்ச ஓட்டங்கள்.

ஆகஸ்டில் ரியோ. கோபி 2:15:25 ஓடி 25-ஆவது இடம். அதுவரையிலான அவருடைய வாழ்நாள் ஓட்டங்களில் அதுதான் சிறந்தது. அவருக்கு ஒரு விநாடி பின்னால் இன்னொரு இந்தியர் கேதா ராம், 26-ஆவது. ராவத் 2:22:52, 84-ஆவது இடம்.

ராவத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. நாட்டுக்காகத் தங்கம் கேட்டார்கள், கொண்டுவந்தார். எந்த மாதம் உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதை நம் வீரர்கள் தாங்களே முடிவு செய்ய விடுவது குறைவு. தகுதிச் சுற்று, தேர்வுப் போட்டி, படைப்பிரிவுப் போட்டி என்று எல்லாவற்றிலும் முழு மூச்சோடு ஓடியாக வேண்டியிருக்கிறது. ஆனால் பிப்ரவரியில் குவாஹாட்டி ஓட்டத்தை ஓடிய அதே கால்கள் ஆகஸ்டில் ரியோவுக்கு வந்திருந்தால் கோபிக்கும் முன்னால் முடித்திருக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கோபி 2017-இல் சீனாவின் டோங்குவானில் ஆசிய மராத்தான் பட்டத்தையும் வென்றார். அதை வென்ற முதல் இந்திய ஆண் அவர்.

தம்பியை யாரும் எதற்கும் அனுப்பவில்லை. நாள் குறிக்கும் உரிமை முழுக்க அவனிடம்தான் இருக்கிறது. அந்த இரண்டு பந்தயங்களையும் விடு, இல்லை லாங் ரன் வேகத்தில் ஓடிவிட்டு வா என்று எழுதினேன். இரவு பதினொன்றுக்குப் பதில் வந்தது: "ஒண்ணை விடறேன்க்கா."

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளிப் புகை இன்னும் கலையவில்லை. வீட்டிலேயே தொடை, இடுப்புக்கான பயிற்சி.

நவம்பர் 19, செவ்வாய்

எழுந்தவுடன் படுக்கையிலிருந்தே நாடித்துடிப்பு எண்ணச் சொல்லியிருந்தேன். தம்பிக்கு வழக்கமாக 54. மூன்று நாளாக 62. தூக்கம் சரியில்லை, மாடிப்படி ஏறவே கால் கனக்கிறது என்கிறான். ஞாயிறு அன்று 'மெதுவாக' ஓடிய பந்தயத்தின் கடைசி ஐந்து கிலோமீட்டரைப் பாய்ந்து ஓடியிருக்கிறான். இந்த வாரம் வேகப் பயிற்சி எதுவும் வேண்டாம், இரண்டு நாள் ஓட்டமே வேண்டாம் என்றேன். எதிர்ப்பேச்சு இல்லை. அதுவே அவனுடைய களைப்பைக் காட்டியது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். குப்பத்துப் படகுகளை முன்னாடியே மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஈ.சி.ஆர். ஓரம் எங்கே பள்ளம், எங்கே வடிகால் திறந்து கிடக்கிறது என்று தெரியாத தண்ணீர். அதில் இறங்கி ஓட யாரையும் அனுமதிக்கமாட்டேன்.

இன்றுதான் பெரிய லாங் ரன் இருந்தது. காலையிலிருந்து குழுவில் ஒரே புலம்பல். நாளை, நாளை மறுநாள் சேர்த்து ஓடி ஈடுகட்டலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. பல வாரம் சேர்ந்த உழைப்பு ஒரு ஞாயிறு தவறினால் கரைந்துவிடாது. வார நடுவில் முப்பது கிலோமீட்டரைத் திணித்தால் அந்த வாரமும் போகும், அடுத்த ஞாயிறும் போகும். 8-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் இருக்கின்றன, போதும்.

டிசம்பர் 17, செவ்வாய்

நேற்று மார்கழி பிறந்தது. தெருவில் பெரிய கோலங்கள், திருவான்மியூர்ப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் திருப்பாவை. காலையில் 22 டிகிரி. வியர்வை நிஜமாகவே காய்கிறது!

சென்னையில் மராத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு வருடத்திலேயே இதுதான் சோதனையான வாரம் என்பேன். பெங்களூருக்காரர்களுக்கு இது இந்த அளவுக்குத் தெரியாது. நாம் செப்டம்பரிலிருந்து வெக்கையில் மூன்று மாதம் உழைத்திருக்கிறோம். வெக்கையில் பழகிய உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக ரத்தம் தள்ளுகிறது. அந்த உடம்போடு திடீரென்று குளிர்ந்த காற்றில் ஓடினால் ஒரு கிலோமீட்டருக்கு இருபது முப்பது விநாடி சும்மா கிடைக்கிறது. கால் தரையில் படுவதே தெரியவில்லை. நான் உச்சத்துக்கு வந்துவிட்டேன் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் கடைசி மூன்று வாரத்தையும், ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய டேப்பர் வாரங்களையும், பி.பி. வேட்டையாக ஆக்கிவிடுகிறார்கள். போனஸ் வந்த அன்றே தி.நகருக்குப் போய்ச் செலவழித்துவிட்டு, பொங்கலுக்குக் கை காலியாக நிற்பது போலத்தான். ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் டிசம்பர் கடைசி வாரம் பூராவும் கிரீடச் சின்னம். ஜனவரி முதல் ஞாயிறு, முப்பதாவது கிலோமீட்டரில், அதே ஆட்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

இந்தக் குளிரைக் கையாளும் முறை ஒன்றுதான்: அதே வேகத்தில் ஓடி, துடிப்பு குறைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும். கிலோமீட்டருக்கு 6:40 பேஸில் தம்பிக்கு செப்டம்பரில் 158 துடிப்பு, இன்று 139. பத்தொன்பது துடிப்பு! அதைக் காட்டினேன். சாலை ஓரத்திலேயே நின்று இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தான். இத்தனை மாதத்தில் முதல் முறையாக, மெதுவாக ஓடியதை நினைத்து அவன் முகத்தில் பெருமை.

டிசம்பர் 26, வியாழன்

டேப்பர் வந்தால் எல்லோருக்கும் எரிச்சல் வரும். இல்லாத வலியெல்லாம் தெரியும், உடம்பு கனத்த மாதிரி இருக்கும், கற்றதெல்லாம் மறந்துபோகிறது என்று பயம் வரும். லோரான் போஸ்கேயும் அவர் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட முடிவைத்தான் நான் பின்பற்றுகிறேன்: இரண்டு வாரம், தூரத்தை 41 முதல் 60 சதவீதம் வரை குறைக்க வேண்டும், வேகத்தைக் குறைக்கக் கூடாது. அதாவது வாரம் ஒரு நாள் பந்தய வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடலாம், ஆனால் மொத்தத் தூரம் பாதிதான். மிச்ச நேரத்தில் தூங்க வேண்டும். கச்சேரி சீசன் இருக்கிறது, மயிலாப்பூர் சபா கேன்டீன் இருக்கிறது, போய் உட்காருங்கள் என்று குழுவில் போட்டேன்.

ஜனவரி 3, 2025, வெள்ளி

எண் அட்டை வாங்கிவிட்டு வரும் வழியில் தம்பியோடு கணக்குப் போட்டோம். முதல் 10 கிலோமீட்டர், ஒவ்வொன்றும் 5:50. பிறகு மீதியெல்லாம் 5:38. மொத்தம் 3 மணி 59 நிமிடம் 42 விநாடி வருகிறது.

"ஸ்டார்ட்டுல, நேப்பியர் பாலத்துல, குளிரா இருந்தா ஆரம்பத்துலயே 5:30-ல போகலாமாக்கா? கொஞ்சம் கையில வெச்சுக்கலாம்ல?"

"குளிராத்தான் இருக்கும். இருட்டுல, கூட்டத்துல, 5:30 ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். கடைசிப் பத்து கிலோமீட்டர் வெயில்லப்பா. அங்க 5:38 ஓடக் கால் வேணும்."

நாளைக்கு மூன்று கிலோமீட்டர் மட்டும், அதில் நான்கு தடவை நூறு மீட்டர் கொஞ்சம் விறுவிறுப்பாக. மதியம் சாதம், ரசம், உருளைக்கிழங்கு. புதிதாக எதுவும் சாப்பிடக் கூடாது. ஒன்பது மணிக்குப் படுக்கை. தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எண் அட்டையின் பின்பக்கம் பேனாவால் 5:50 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டான்.