லீஸ் முடிந்த காரை வாங்கலாமா, வேண்டாமா?

எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் "லீஸ்" என்று சொன்னால் எல்லோருக்கும் வீடுதான் ஞாபகம் வரும். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது கொடுத்த பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு போவது. போக்கியம் என்றும் சொல்வார்கள். அதனால் என் அக்காவின் கார் லீஸ் இந்த வருடம் முடிகிறது என்று தெரிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அப்ப பணம் எப்பம்மா திரும்பி வரும்?" என்பதுதான்.

வராது. கார் லீஸ் வேறு சமாச்சாரம். அதைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ஓடிய பஞ்சாயத்தே இதுதான் என்பதால் கணக்கோடு எழுதுகிறேன்.

அக்கா மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாழ்க்கைப்பட்டது மாமல்லபுரத்தில். வாரம் மூன்று நாள் திருக்கழுக்குன்றம் வழியாக ஆபீசுக்கு வந்து போக வேண்டும். 2022-ல் அவள் கம்பெனி மூலமாக ஒரு சின்ன பெட்ரோல் கார் லீசில் எடுத்தாள். 48 மாதம், மாதம் 18,500 ரூபாய், இன்ஷூரன்சும் சர்வீசும் அதில் அடக்கம். கார் லீஸ் கம்பெனிக்குச் சொந்தம். ஆர்.சி. புத்தகத்தில் அவர்கள் பெயர். அக்கா ஓட்டலாம், பெட்ரோல் போடலாம், அவ்வளவே. லாபம் என்னவென்றால், அந்த 18,500 வருமான வரிக்கு முன்பே சம்பளத்தில் கழிந்துவிடும். 20 சதவீத வரிக்காரர்களுக்குக் கையில் குறைவது சுமார் 14,600-தான்.

நாலு வருடம் முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது ஒப்பந்தத்தில் எழுதிய "எஞ்சிய மதிப்பை" கட்டி வாங்கிக்கொள்ளலாம். அக்காவுக்கு அது 3,40,000 ரூபாய்.

இந்த எஞ்சிய மதிப்பு என்பது ஒரு ஜோசியம் மாதிரி. நாலு வருடம் கழித்து இந்தக் கார் என்ன விலை போகும் என்று 2022-லேயே ஒருத்தர் உட்கார்ந்து எழுதிவிடுகிறார். ஜோசியம் எந்தப் பக்கமும் தப்பலாம். அமெரிக்காவில் 2021, 2022-ல் சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார் கிடைக்காமல், பழைய கார் விலை எகிறியது. லீஸ் முடிந்தவர்கள் ஒப்பந்த விலைக்கு வாங்கினாலே லாபம் என்ற நிலை. நமக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, செஸ்ஸும் போனது. சின்ன பெட்ரோல் காருக்கு மொத்தம் 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. ஷோரூம் விலை ஏழரை லட்சமாக இருந்த காரில், அந்தக் குறைப்பை முழுசாகக் கொடுத்தால் 64 ஆயிரம் குறையும். புதுசு குறைந்தால் பழசை யார் பழைய விலைக்கு வாங்குவார்கள்? 2022-ல் எழுதிய 3,40,000 மட்டும் அப்படியே இருக்கிறது!

சரி, கார் எப்படி இருக்கிறது? எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் மாமல்லபுரத்துக்கே வந்து, தார்ப்பாயை விரித்துப் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே பளபளவென்று இருக்கிற வண்டி அடியில் அப்படி இல்லை. சைலன்சர் மேல் துரு. சஸ்பென்ஷன் போல்ட்டுகள் எல்லாம் பழுப்பு. அக்கா வீட்டில் ஷெட் கிடையாது, நாலு வருடமும் கடல் காற்றில்தான் நின்றது. "கடலோர வண்டிய மேல பாத்து வாங்கக் கூடாது தம்பி" என்றார்.

உப்புக் காற்று சாதாரணமில்லை. பக்கத்தில் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,300 வருடத்துக் கல். அதையே உப்பு அரிக்கிறது என்றுதான் தொல்லியல் துறை அலை தடுக்கக் கல் கொட்டி, சவுக்கு நட்டு, காகிதக் கூழைப் பூசிக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறது. தகரம் என்ன செய்யும்?

மெக்கானிக் அண்ணன் போட்ட விலை 3,10,000. பழைய கார் வாங்குகிற இரண்டு இடங்களில் கேட்டதிலும் கிட்டத்தட்ட அதுவே. ஆக ஒப்பந்த விலை சந்தை விலையை விட 30,000 அதிகம். திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வேறு பழைய கார் பார்க்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மாமாவும் (அக்கா வீட்டுக்காரர்) அதைத்தான் சொன்னார்.

அக்காதான் ஒப்பந்தத்தை முழுசாகப் படித்தாள். பதினாலு பக்கம். அதில் கிலோமீட்டர் வரம்பு 60,000. வண்டி ஓடியிருப்பது 72,000. அதிகமாக ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3 ரூபாய், அதாவது 36,000, திருப்பிக் கொடுக்கும்போது கட்ட வேண்டும். கீறல், துரு எல்லாம் பார்த்து அதற்கும் தனியாக ஒரு பில் வரும். காரை நாமே வாங்கிக்கொண்டால் இரண்டும் கிடையாது. இதை அவள் மெயில் அனுப்பிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொண்டாள். (போனில் சொன்னதை நம்பாதே என்று எனக்கு ஒரு பிரசங்கம் வேறு.)

இப்போது கணக்கு மாறுகிறது பாருங்கள். வாங்கினால் 30,000 நஷ்டம். கொடுத்தால் 36,000-மும் அதற்கு மேலும் நஷ்டம். தவிர, வெளியில் வாங்கும் பழைய காரை யார் எப்படி ஓட்டினார்கள் என்று நமக்குத் தெரியாது. இந்தக் காரின் ஒவ்வொரு சர்வீசும் அக்காவுக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் கார் இல்லாமல் இருக்கவும் முடியாது. அக்காவின் மாமனாருக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறார்கள். மாமல்லபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், ஒரு கை ஒரு கால் சரியாக வராத மனிதரை பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியுமா?

பணத்துக்கு எங்கே போவது என்பதில்தான் உண்மையான சண்டை. அப்பா என் மேல்படிப்புக்கு என்று வங்கியில் போட்டு வைத்திருந்த டெபாசிட்டை உடைத்துத் தருகிறேன் என்றார். எனக்கு அந்த நிமிடம் கொஞ்சம் திக்கென்றது, மறைக்கவில்லை. அக்கா கேட்க நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாள் பேசாமல் இருந்தாள். அப்புறம், "தம்பி படிப்புக் காசுல நான் கார் ஓட்ட மாட்டேம்ப்பா" என்று முடித்துவிட்டாள். அப்பாவுக்குக் கோபம். ஒரு வாரம் போனில் அம்மா மூலமாகத்தான் பேச்சுவார்த்தை.

கடைசியில் கையிலிருந்த 1,40,000 போக, 2 லட்சம் பழைய கார் லோன் போட்டாள். புதுக் கார் லோனை விட இதற்கு வட்டி அதிகம். 13 சதவீதம், 24 மாதம், மாதம் 9,500 சொச்சம். கையில் குறைந்துகொண்டிருந்த 14,600-ஐ விடக் குறைவு என்று சந்தோஷப்பட முடியாது. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் இனி சொந்தச் செலவு. ஆனால் இரண்டு வருடத்தில் கடன் தீர்ந்துவிடும்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 இரண்டிலும் லீஸ் கம்பெனியின் கையெழுத்தைப் பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு வண்டிக்கு ஆயுள்கால வரி முதலிலேயே கட்டியாகிவிட்டதால், பெயர் மாற்றும்போது மறுபடி கட்ட வேண்டியதில்லை. இரண்டு, நாலு வருடம் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் செய்யாத தள்ளுபடி காரோடு வராது. அது பாலிசிதாரருடையது, பாலிசி லீஸ் கம்பெனி பெயரில் இருந்தது. அக்கா பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

புது ஆர்.சி. போன மாதம் வந்தது. அடியில் துருவைச் சுரண்டிக் கோட்டிங் அடிக்க 11,000 ஆனது. வாராவாரம் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக் அண்ணன். அந்த வேலை இப்போது சனிக்கிழமைகளில் என் தலையில். பஸ் சார்ஜ் அக்கா தருகிறாள்.