பிடிமானம்

கோவை கணபதியில் நான் குடியிருக்கும் தெருக் கோடியில் ஒரு லேத் பட்டறை. வங்கியிலிருந்து திரும்பும் வழியில் அங்கே சற்று நேரம் உட்காருவது வழக்கமாகிவிட்டது. சுவரில் ஆணிகளில் மாட்டியிருக்கும் சாமான்கள்தான் முதலில் என்னை ஈர்த்தவை. பிளந்த வளையங்கள், துளையிட்ட தகடுகள், பழைய போல்ட்டில் கடைந்த கவ்விகள். எதுவும் கடையில் வாங்கியதல்ல. ஜாப்பைப் பிடிப்பதற்காகப் பட்டறைக்காரர் அந்த லேத்திலேயே செய்துகொண்டவை. "வெட்டறது பெரிய காரியமில்லீங்க. புடிக்கறதுதான்" என்பார். தொழில் பெருமையில் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் வேலை பழகும் பையன் ஒரு வெண்கல வளையத்தைக் கடைந்துகொண்டிருந்தான். வெளிவிட்டம் 80 மில்லிமீட்டர், சுவர் கனம் 3. மூன்று தாடைச் சக்கில் நன்றாக இறுக்கி உட்புறம் போரிங் போட்டான். சக்கில் இருக்கும்போதே டயல் வைத்துப் பார்த்தான், முள் அசையவில்லை. கழற்றிப் பல திசைகளிலும் காலிப்பரால் அளந்தான். எல்லா விட்டமும் ஒன்றே. ஆனால் வளையம் தண்டில் ஏறவில்லை.

பட்டறைக்காரர் லேசான கூம்புள்ள ஒரு மான்ட்ரலில் நீலம் தடவி, வளையத்தில் நுழைத்துத் திருப்பி எடுத்தார். உள்ளே மூன்றே இடங்களில் நீலம் ஒட்டியிருந்தது. தாடைகள் அழுத்திய இடங்களில் அல்ல, அவற்றுக்கு இடைப்பட்ட இடங்களில்.

"புடிச்சிருக்கறப்ப ரவுண்டாத்தானுங்க சார் இருக்கும். உட்டாத்தானுங்க தெரியும்."

தாடை அழுத்திய இடத்தில் சுவர் உள்வாங்கியிருந்தது. டூல் அங்கே கூடுதலாகச் சீவிவிட்டது. பிடி தளர்ந்ததும் சுவர் தன் நிலைக்குத் திரும்ப, அந்த மூன்று இடங்களும் பள்ளமாகிவிட்டன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் எதிரே ஒரு மேடு. அதனால்தான் இரண்டு முனையால் அளக்கும் காலிப்பருக்கு எல்லாத் திசையும் சமமாகப் பட்டிருக்கிறது.

அடுத்த வளையத்துக்கு முன் அவர் கனத்த இரும்புத் துண்டு ஒன்றை அதே சக்கில் பிடித்து, உட்புறத்தை வளையத்தின் வெளிவிட்டத்துக்குக் கடைந்தார். ஒன்றாம் எண் தாடைக்கு நேரே பஞ்சால் ஒரு புள்ளி குத்தினார். கழற்றி, நெடுக ஓரிடத்தில் ஹாக்ஸா பிளேடால் அறுத்தார். வளையத்தை இந்தப் பிளந்த புஷ்ஷுக்குள் வைத்து, புள்ளியைத் தாடைக்கு நேராக்கி அளவோடு இறுக்கினார். அழுத்தம் இப்போது சுற்றளவு முழுதும் பரவிவிடுகிறது. சக் மையத்திலிருந்து சற்று விலகியிருந்தாலும் பாதகமில்லை. புஷ்ஷும் அந்த விலகலோடுதானே கடையப்பட்டது. வளையம் தண்டில் ஏறியது.

அமெரிக்கரான டேவிட் கிஞ்ஜரி 1980-இல் தொடங்கிய நூல்வரிசை, கரி உலையில் அலுமினியம் உருக்கி வார்ப்பதில் ஆரம்பித்து லேத் செய்வதற்குப் போகிறது. பாதி உருவான லேத்தே தன் மீதி உறுப்புகளைச் செய்துகொள்ள உதவுகிறது. கருவி வெளியிலிருந்து முழுமையாக வந்து இறங்குவதல்ல என்பதைக் கணபதியிலும் பார்க்க முடிகிறது.

சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதினேன். ஆங்கில இலக்கிய வகுப்பில் கிடைத்த மூன்று தாடைகள் கைவசம் இருந்தன: படிமம், முரண், தொனி. எந்தக் கவிதையையும் சட்டென்று கவ்வும். இறுக்கிப் பிடித்து, மேற்கோள் மேற்கோளாக அளந்து காட்டினேன். எல்லாம் பொருந்தியது. கட்டுரையைப் பலர் பாராட்டினார்கள். நண்பர் மட்டும், "நீங்க சொல்றதுல தப்பு கண்டுபிடிக்க முடியலை. ஆனா அது என்னோட கவிதை இல்லை" என்றார். கவிஞர்களின் வழக்கமான மனத்தாங்கல் என்று ஒதுக்கினேன். அதன் பிறகு அவர் எழுதி எதையும் நான் பார்க்கவில்லை. அதற்கு என் கட்டுரைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இல்லை என்று சொல்லவும் துணிவில்லை.

பிடிக்காமல் எதையும் கடைய முடியாது. ரசனை என்ற பெயரில் வளையத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை. ஆனால் சரிபார்த்தது முழுக்க என் பிடிக்குள் வைத்தே என்பதும், விட்ட பிறகு அளந்ததும் அந்தக் கோணலைக் காட்ட முடியாத கருவியால் என்பதும் இப்போது உறுத்துகிறது.

பட்டறைக்காரர் அந்தப் புஷ்ஷைத் துடைத்து ஆணியில் மாட்டினார். வேறு எதற்காவது உதவுமா என்று கேட்டேன். "இந்த ஜாப்புக்குத்தானுங்க. வேற ஜாப்புக்கு வேறதான் பண்ணோணும்" என்றார்.

அந்தத் தொகுப்பைப் பற்றி மறுபடியும் எழுத வேண்டும். எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். பிடி இன்னும் அமையவில்லை.